சித்தப்பாவின் கணக்கை மூடியது யார்?



இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் பாதியில் விட்ட கதை இது. எபிசோட் கேட்காதவர்களுக்கும் விளங்கும், பயப்பட வேண்டாம்.

ஒரு டிசம்பர் மாதச் செவ்வாய் இரவு, பத்து மணி தாண்டி சித்தப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். ஹரோ பக்கம் ஆறு வருஷமாகச் சாப்பாடு டெலிவரி ஓடுகிறார். இரவு பத்து மணிக்கு ஏதாவது ஒரு கடை வாசலில் பார்சலுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்.

"தம்பி, என்ர ஆப் திறக்குதில்லையடா. என்னவோ இங்கிலீஷில எழுதிக் கிடக்கு. ஒருக்கா பார்."

ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். உங்கள் கணக்கில் ஒழுங்கற்ற செயற்பாடு கண்டறியப்பட்டுள்ளது, கவனமான பரிசீலனைக்குப் பிறகு கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது, இந்த முடிவு இறுதியானது. மூன்றே வரி. கீழே பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. பதில் போட்டால் போகாத ஈமெயில் முகவரி.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் செயப்பாட்டு வினை படித்தது ஞாபகம் இருக்கா? "கண்டறியப்பட்டது", "மூடப்பட்டது". செய்தது யார் என்று சொல்லாமல் தப்ப அதைவிட நல்ல வழி எந்த மொழியிலும் இல்லை. யார் கண்டறிந்தது? யார் பரிசீலித்தது? சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அவர் கேட்டது வேற: "நான் என்ன பிழை விட்டனான்? ஒண்டும் செய்யேல்லயே."

இதை உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கு. இதைப் படிக்கிற நிறையப் பேர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். கவுன்சில் கடிதம், பாங்க் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் பள்ளிக்கூட யூனிஃபோர்மோடு இருந்து அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவர்கள். முன்பு கதவுக்குக் கீழால் வந்த கடிதம் இப்போது ஆப்புக்குள் நோட்டிபிகேஷனாக வருகிறது. வாசிக்கிற வேலை இன்னும் நம்மிடம்தான். ஆனால் கவுன்சில் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று நமக்குத் தெரியும். இதுக்கு? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இத்தனைக்கும் நான் படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ், சோறு போடுவது ஐடி கொன்ராக்ட் வேலை.

முதலில் நான் யோசித்தது வேலைச் சட்டத்தை. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19 அன்று ஊபர் ட்ரைவர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, "வேர்க்கர்" என்ற வகைக்குள் வருகிறவர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சச் சம்பளம், விடுமுறைச் சம்பளம் எல்லாம் அதோடு வந்தது. அப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வெடி கொளுத்தாத குறை. ஆனால் சாப்பாடு டெலிவரிக்கு அந்தக் கதை அப்படியே பொருந்தவில்லை. 2023 நவம்பர் 21 அன்று அதே நீதிமன்றம் டெலிவரூ வழக்கில் வேறு மாதிரிச் சொன்னது: அந்த ரைடர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆகவே கொம்பனி விரும்பாவிட்டாலும் தங்களோடு பேரம் பேச வைக்கிற தொழிற்சங்க உரிமை அவர்களுக்கு இல்லை. சித்தப்பாவின் ஒப்பந்தத்திலும் அதே மாதிரி ஒரு பந்தி இருந்தது. வேலைச் சட்டத்தின் கதவைத் தட்டினால், முதலில் நீ யார் என்ற கேள்விக்கே வருஷக்கணக்கில் வழக்காட வேண்டும்.

டேட்டா சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நீங்கள் தொழிலாளியோ, சுயதொழிலோ, வாடிக்கையாளரோ, உங்களைப் பற்றிய தகவலை ஒரு கொம்பனி வைத்திருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் வெளிச்சம்.

22-ஆம் பிரிவு

ஜிடிபிஆர் என்றால் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது குக்கி பெட்டி. 2018 மே 25-க்குப் பிறகு ஒவ்வொரு வெப்சைட்டிலும் குறுக்கே வந்து நிற்கிற அந்தப் பெட்டி. உண்மையில் அந்தப் பெட்டியின் ஊற்று அதற்கு முந்தைய வேறொரு ஐரோப்பியச் சட்டம், ஆனால் கெட்ட பெயர் ஜிடிபிஆருக்குத்தான். அந்த எரிச்சலில் உள்ளே இருக்கிற நல்ல விஷயங்களை யாரும் பார்ப்பதில்லை. 22-ஆம் பிரிவு அதில் ஒன்று. சுருக்கமாக: உங்கள் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கிற ஒரு முடிவை இயந்திரம் மட்டுமே எடுக்கக்கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. விதிவிலக்கின் கீழ் எடுத்தாலும், ஒரு மனிதர் திரும்பப் பார்க்கும்படி கேட்கலாம், உங்கள் பக்கத்தைச் சொல்லலாம், முடிவை எதிர்க்கலாம்.

இது ஏஐ காலத்தில் யாரோ அவசரமாக எழுதியது என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் 1978 ஜனவரி 6-ஆம் தேதிச் சட்டத்திலேயே இதன் தாத்தா இருக்கிறார்: ஒரு மனிதரின் நடத்தையை எடைபோடுகிற நீதிமன்றத் தீர்ப்பு, இயந்திரம் போட்டுக்கொடுத்த குணச்சித்திரத்தை அடிப்படையாக வைத்து இருக்கக்கூடாது என்று. வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத காலம். பிறகு 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா வழிகாட்டுச் சட்டத்துக்குள் வந்தது, அங்கிருந்து ஜிடிபிஆருக்கு. நாற்பது வருஷம் யாரும் பெரிதாகத் தொடாமல் அலமாரியில் கிடந்த பிரிவு.

அதில் ஒரு சொல்லில்தான் முழுச் சிக்கலும். "மட்டுமே." இயந்திரம் *மட்டுமே* எடுத்த முடிவு. நடுவில் ஒரு மனிதர் இருந்தால் 22-ஆம் பிரிவு பொருந்தாது என்று கொம்பனிகள் சொல்லும். நடுவில் ஒரு மனிதரை இருத்துவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒரு தடவை அந்தக் கதிரையைச் செய்து கொடுத்தவன் நான்.

சில வருஷத்துக்கு முன் ஒரு கொம்பனிக்கு ஆறு மாதக் கொன்ராக்ட். பெயர் வேண்டாம், டெலிவரி கொம்பனி இல்லை, ஆனால் கணக்குகளை மூடுகிற கொம்பனி. சந்தேகமான கணக்குகளுக்கு மொடல் ஒன்று புள்ளி போடும், 0-இலிருந்து 100 வரை. 85-க்கு மேல் வந்தால் ஒரு வரிசைக்குள் போகும். என் வேலை அந்த வரிசையைக் காட்டுகிற திரை. டிக்கெட்டில் எழுதியிருந்த வரி இன்னும் ஞாபகம்: நடுவில் மனிதர் வேண்டும் என்று லீகல் சொல்கிறது. அவ்வளவுதான் தேவை விவரம். நானும் செய்தேன். இடப்பக்கம் புள்ளி, சிவப்பில். வலப்பக்கம் இரண்டு பட்டன்: மூடு, விடு. "மூடு" ஏற்கனவே தெரிவாகி இருக்கும். என்டர் தட்டினால் போதும். பிறகு மனேஜருக்கு டாஷ்போர்ட் கேட்டார்கள்: ஒரு கேஸுக்குச் சராசரி எத்தனை விநாடி. நாற்பதுக்குக் கீழ் என்றால் பச்சை, மேல் என்றால் மஞ்சள். அந்தப் பச்சையையும் மஞ்சளையும் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அன்றைக்கு எனக்கு அது யூஎக்ஸ் வேலை. கொன்ராக்ட் முடிய நல்ல ரெபரன்ஸ் தந்தார்கள்.

அந்த மொடல் கெட்ட மொடல் இல்லை. உண்மையான திருடர்களையும் பிடித்தது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் அப்போது போடாத கணக்கு. 50,000 பேர் ஓடுகிற ஒரு ஆப் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 வீதம் பேர், அதாவது 500 பேர், உண்மையாகவே விதியை மீறுகிறார்கள். மொடல் 99 வீதம் சரி. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு? 500 பேரில் 495 பேரைப் பிடிக்கும். மீதி 49,500 அப்பாவிகளில் 1 வீதம் பேரையும் பிடிக்கும். அது எத்தனை? அதுவும் 495. வரிசையில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவர் ஒன்றும் செய்யாதவர். அவரை வேறுபடுத்திக் காட்டக்கூடிய ஒரே இடம் அந்தத் திரையின் முன்னால் இருக்கிற மனிதர். அவருக்கு நாற்பது விநாடி, முதலே தெரிவான பட்டன்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தது

இப்படியொரு "நடுவில் மனிதர்" போதுமா என்ற கேள்வியை நேராகக் கேட்டவர்கள் லண்டன் ட்ரைவர்கள்தான். ஊபரின் ஐரோப்பியத் தலைமைக் கொம்பனி நெதர்லாந்தில் இருப்பதால், பிரிட்டனிலும் போர்த்துக்கலிலும் ஓடிய சில ட்ரைவர்கள் ஆம்ஸ்டர்டாமில் போய் வழக்குப் போட்டார்கள். பின்னால் நின்றது ஆப் ட்ரைவர்கள் தொழிற்சங்கமும், வேர்க்கர் இன்ஃபோ எக்ஸ்சேஞ்ச் என்ற சின்ன அமைப்பும். அந்த அமைப்பைத் தொடங்கிய ஜேம்ஸ் ஃபராரும் ஒரு முன்னாள் ஊபர் ட்ரைவர். 2021 உச்ச நீதிமன்ற வழக்கிலும் அவர் ஒரு தரப்பு.

முதல் சுற்று, 2021 மார்ச். கணக்கை மூடிய விஷயத்தில் ட்ரைவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். போலந்தின் கிராக்கோவில் எங்கள் குழு ஒன்று இருக்கிறது, அவர்கள் பார்த்துத்தான் மூடினார்கள் என்று ஊபர் சொன்னது. மாவட்ட நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ட்ரைவர்கள் விடவில்லை. 2023 ஏப்ரல் 4 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறு கேள்விகளைக் கேட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு என்ன தகுதி, எவ்வளவு அறிவு? ஊபர் தெளிவாகக் காட்டவில்லை. மூடுவதற்கு முன் ட்ரைவரோடு ஒரு வார்த்தை பேசினார்களா? இல்லை. அப்படியென்றால் அந்த மனிதத் தலையீடு வெறும் அடையாளத்துக்குச் செய்ததைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 22-ஆம் பிரிவு பொருந்தும். எந்த அடிப்படையில் முடிவெடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதே நாளில் ஓலா வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அப்போது லண்டனில் ஓடிய அந்த இந்தியக் கொம்பனி, ட்ரைவர்களுக்கு மோசடி செய்யும் சாத்தியம் எவ்வளவு என்று ஒரு புள்ளி போட்டுக்கொண்டிருந்தது. அதையும் திறந்து காட்டு என்றது நீதிமன்றம்.

ஊபர் உடனே முழுதாகச் செய்யவில்லை. அந்த வருஷ ஒக்டோபரில் 584,000 யூரோ தண்டப்பணம் கட்டச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது.

அந்தத் தீர்ப்பை நான் இரவு ஒரு மணிக்கு வாசித்தேன், கூகிள் மொழிபெயர்ப்பில், டச்சிலிருந்து. "ட்ரைவரோடு பேசினார்களா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். என் திரையில் "ஆளைக் கூப்பிட்டுக் கேள்" என்று ஒரு பட்டன் வைக்க வேண்டும் என்று எனக்கோ வேறு யாருக்கோ தோன்றவே இல்லை.

சரி, மனிதர் இல்லை என்று நிரூபித்தாயிற்று, பிறகு என்ன கிடைக்கும்? விளக்கம் கிடைக்கும். எப்படிப்பட்ட விளக்கம்? இங்கே எனக்குப் பிடித்த வழக்கு ஒஸ்ட்ரியாவில் நடந்தது. ஒரு பெண்மணி மாதம் 10 யூரோ போன் பிளான் எடுக்கப் போகிறார். தானியங்கிக் கடன் மதிப்பீட்டில் பணம் கட்டக்கூடிய ஆள் இல்லை என்று வந்ததால் மறுத்துவிட்டார்கள். பத்து யூரோ! அவர் விடாமல் போராடி, விஷயம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2025 பெப்ரவரி 27 அன்று தீர்ப்பு: கணக்குச் சூத்திரத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தால் அது விளக்கம் ஆகாது. உன்னுடைய எந்தத் தகவலை, எந்த விதமாகப் பயன்படுத்தி இந்த முடிவுக்கு வந்தோம் என்று சாதாரண மனிதருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். வியாபார இரகசியம் என்று சொல்லித் தப்ப முடியுமா? இரகசியம் என்றால் நீதிமன்றத்திடமோ கண்காணிப்பு அமைப்பிடமோ கொடு, அவர்கள் எடைபோட்டுச் சொல்வார்கள்.

அதற்கு முன் 2023 டிசம்பர் 7 அன்று ஜெர்மனியின் ஷூஃபா வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு ஓட்டையை அடைத்தது. நாங்கள் புள்ளி மட்டும்தான் போடுகிறோம், கடன் மறுப்பது பாங்க் என்று ஷூஃபா சொன்னது. பாங்க் அந்தப் புள்ளியை நம்பியே பெரும்பாலும் முடிவெடுக்கிறது என்றால் புள்ளி போடுவதே முடிவுதான் என்றது நீதிமன்றம். ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கு ஷூஃபா என்றால் விளக்கம் தேவையில்லை. வீடு வாடகைக்குத் தேடியிருப்பீர்கள்.

நாங்கள் எழுதிய கடிதம்

திரும்பச் சித்தப்பாவிடம் வருவோம். ஆப்புக்குள் இருந்த "மேன்முறையீடு" பட்டனை அவர் அன்றிரவே அழுத்திவிட்டார். 500 எழுத்துக்குள் எழுதச் சொல்லும் பெட்டி. அவர் எழுதியது: சேர், நான் நேர்மையான மனிதர், தயவுசெய்து. பதினோரு நிமிஷத்தில் பதில் வந்தது. முடிவு மாறவில்லை.

பதினோரு நிமிஷம் என்றதைக் குறித்து வைத்தேன். நீங்களும் இப்படி ஒன்று வந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்: எல்லாவற்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட், நேரத்தோடு. கணக்கு முழுதாகப் பூட்டுப்படும் முன் ஆப்புக்குள் இருக்கிற வருமான விபரம், ரேட்டிங், பழைய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

பிறகு கொம்பனியின் பிரைவசி பக்கத்தில் டேட்டா பாதுகாப்பு அதிகாரியின் ஈமெயிலைத் தேடி எடுத்தோம். அந்தப் பக்கத்தில் ஒரு தொடர்பு வழி இருக்கத்தான் வேண்டும், சட்டம். சப்போர்ட் சாட்டில் கத்திப் பிரயோசனம் இல்லை. அங்கே பதில் சொல்வதும் பொட் தான். கடிதத்தில் கோபம், கண்ணீர், ஆறு வருஷ உழைப்பு ஒன்றையும் போடவில்லை. சித்தி அதை வாசித்துவிட்டு, "இவ்வளவு காய்ஞ்ச கடிதமா எழுதுறது?" என்றார். காய்ந்துதான் இருக்க வேணும் சித்தி.

15-ஆம் பிரிவின் கீழ் அவரைப் பற்றி வைத்திருக்கிற எல்லாத் தகவலும் கேட்டோம். எல்லாம் என்று மட்டும் எழுதினால் பெயரும் விலாசமும் அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள், ஆகவே பெயர் சொல்லிக் கேட்டோம்: லொகின் பதிவுகள், எந்த எந்தப் போனிலிருந்து, செல்ஃபி சோதனைகளின் முடிவும் நேரமும், ஜிபிஎஸ், அவருக்குப் போட்ட ஏதாவது ஆபத்துப் புள்ளி அல்லது வகை, கணக்கு பற்றிய உள்குறிப்புகள். அடுத்து, இந்த முடிவை மனிதர் எடுத்தாரா? எடுத்திருந்தால் அவரின் பதவி என்ன, எந்தத் தகவலைப் பார்த்தார், முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இருந்ததா? எடுக்கவில்லை என்றால், ஒரு மனிதர் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம், சித்தப்பாவின் பக்கத்தைக் கேட்ட பிறகு. காசு கட்டத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம். சிக்கலான விஷயம் என்றால் காரணம் சொல்லி இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாம்.

பிரிட்டனில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய நீதிமன்றத்தின் புதிய தீர்ப்புகள் இங்கே கட்டாயம் இல்லை. நீதிபதி விரும்பினால் கவனத்தில் எடுக்கலாம். அதோடு 2025 ஜூன் 19 அன்று அரச ஒப்புதல் பெற்ற புதிய டேட்டா சட்டம் 22-ஆம் பிரிவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் 22ஏ முதல் 22டி வரை வைக்கிறது. முன்பு தானியங்கி முடிவு பொதுவாகக் கூடாது, சில இடத்தில் பரவாயில்லை. இனிப் பொதுவாகப் பரவாயில்லை, உடல்நலம், இனம் போன்ற உணர்வுபூர்வமான தகவல் சம்பந்தப்பட்டால் கூடாது. எனக்கு இது பின்னோக்கிய அடிதான். ஆனால் மனிதத் தலையீடு "அர்த்தமுள்ளதாக" இருக்க வேண்டும் என்ற சொல் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்திருக்கிறது. முடிவெடுத்ததைச் சொல்ல வேண்டும், எதிர்க்க வழி தர வேண்டும் என்பதும் நிற்கிறது. சட்டம் ஒரே நாளில் முழுதாக அமலுக்கு வந்ததில்லை, ஆகவே உங்கள் வீட்டு முடிவு எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்து, சரியான பிரிவைப் போடுங்கள்.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு ஸிப் ஃபைல் வந்தது.

அதற்குள் ஆறு சிஎஸ்வி. ஒரு ஞாயிறு பின்னேரம் நானும் சித்தப்பாவும் அவர்களின் குசினி மேசையில் லாப்டொப்பை வைத்துக்கொண்டு இருந்தோம். ஆறு வருஷமாக அவர் எந்தச் சந்தியில் எத்தனை நிமிஷம் நின்றார் என்பதெல்லாம் அதில் இருந்தது. "இதெல்லாம் வைச்சிருக்கிறாங்களா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். நான் தேடியது வேறு இரண்டு ஃபைலில் கிடைத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் நாலு நாள் கணக்கு வேறொரு போனிலிருந்து திறக்கப்பட்டிருக்கிறது. அதே நாட்களில் மூன்று செல்ஃபி சோதனை தோற்றிருக்கிறது, மூன்றும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. கடைசி வரியில் ஒரு குறிச்சொல்: கணக்குப் பகிர்வு, சாத்தியம் உயர்வு.

சித்தப்பா திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார்: "அது நான் போனை மழையில விழுத்தி உடைச்ச கிழமை. மகன்ர பழைய போனில ஓடினனான்."

அவ்வளவுதான் விஷயம். யாராவது ஒருவர் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும்.

செல்ஃபி பற்றியும் சொல்ல வேண்டும். பழைய போன், மங்கின கமெரா, காருக்குள் இருட்டு, எங்கள் நிறம். ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருட்களில் ஒன்று கறுத்த நிறப் பெண்களில் 34.7 வீதம் வரை பிழை விட்டது. வெளிர் நிற ஆண்களில் மிகக்கூடிய பிழையே 0.8 வீதம். முகம் சரிபார்ப்பது அதே வேலை இல்லை, மென்பொருளும் அதற்குப் பிறகு திருந்தியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் கறுப்பின ஊபர் ஈட்ஸ் கூரியர் ஒருவர் செல்ஃபி சோதனையால் கணக்கை இழந்ததாக இனப் பாகுபாட்டு வழக்குப் போட்டு, சமத்துவ ஆணையத்தின் உதவியோடு போராடி, 2024-இல் கொம்பனி இழப்பீடு கொடுத்து முடித்தது. அது நேற்று நடந்த மாதிரித்தான்.

சோதனைகள் குறையப் போவதும் இல்லை. கணக்கை வாடகைக்கு விடுவது உண்மையாகவே நடக்கிற விஷயம், நம் ஆட்களிடமும் நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. 2025 கோடையில் புகலிடக் கோரிக்கையாளர்கள் தங்கும் ஹோட்டல்களின் இடவிபரத்தைப் பெரிய டெலிவரி கொம்பனிகளுக்குக் கொடுக்க ஹோம் ஆபிஸ் உடன்பட்டது, அங்கே அதிக நேரம் நிற்கிற கணக்குகளைப் பிடிப்பதற்காக. அந்த ஹோட்டலுக்கு அடுத்த கடையில் பார்சல் எடுக்கிற சித்தப்பாக்களை அந்தக் கணக்கு எப்படிப் பார்க்கும் என்பது என் கவலை.

உடைந்த போனைத் திருத்தக் கொடுத்த கடையின் பில் சித்தியின் கைப்பையில் இருந்தது. தேதியோடு. அதைப் படமெடுத்து, ஒரு பக்கக் கடிதத்தோடு திரும்ப அனுப்பினோம். கணக்கு மூடி ஏழாவது கிழமை ஈமெயில் வந்தது: மேலதிகப் பரிசீலனைக்குப் பிறகு உங்கள் கணக்கு மீளத் திறக்கப்பட்டுள்ளது. மீண்டும் செயப்பாட்டு வினை. முதல் முடிவை யார் எடுத்தார் என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. ஏழு கிழமை வருமானத்துக்கும் இல்லை. அந்த நாட்களில் அவர் ஐம்பத்தாறு வயதில் ஒரு காஷ் அண்ட் கேரியில் இரவு வேலைக்குப் போய் அரிசி மூட்டை தூக்கினார். பதில் தராத விஷயத்துக்கு டேட்டா ஆணையரிடம் முறைப்பாடு போட்டிருக்கிறோம். அதுவும் இலவசம், ஒன்லைனில் செய்யலாம், ஆனால் மெதுவாகத்தான் நகரும்.

மற்ற நாட்டுக்காரர் கோபிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறவர்களுக்கு 2024-இல் வந்த தள வேலை வழிகாட்டுச் சட்டம்தான் முக்கியம்: கணக்கை மூடுகிற முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2026 டிசம்பர் 2-க்குள் ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டமாக்க வேண்டும். எல்லோரும் பேசுகிற ஏஐ சட்டம் வேலைக்கு எடுப்பது, வேலையாட்களை மேய்ப்பது போன்றவற்றை உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. அந்தப் பகுதி 2026 ஓகஸ்டில் தொடங்க இருந்தது, அதைத் தள்ளிப்போட ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்மொழிந்தது. ரொறன்ரோக்காரருக்கு 2025 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவின் தளத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது: கணக்கை நிறுத்தினால் எழுத்தில் காரணம் வேண்டும், 24 மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக இரண்டு கிழமை முன்னறிவித்தல். ஆனால் சாப்பாட்டு டெலிவரி, ரைட்ஷேர் போன்றவற்றுக்குத்தான். ஒஸ்ரேலியாவில் இன்னும் நல்லம்: அநியாயமாகக் கணக்கை மூடினால் ஃபெயார் வேர்க் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் ஆறு மாதம் ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும், 21 நாளுக்குள் போட வேண்டும். இருபத்தொரு நாள் என்பது அப்பா நாலு பேரிடம் சொல்லி அழுது, கடைசியில் உங்களிடம் வர எடுக்கிற நேரம். ஆகவே இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள், அப்படி ஏதாவது வந்தால் முதலில் எனக்குக் காட்டுங்கோ என்று.

சித்தப்பா திரும்ப ஓடுகிறார். காருக்குள் ஒரு சின்ன டோர்ச் வைத்திருக்கிறார், செல்ஃபி கேட்டால் முகத்துக்கு அடிக்க. வேறு போனில் லொகின் பண்ணவே மாட்டார். போன வாரம் சார்ஜ் தீர்ந்து இரண்டு மணித்தியாலம் சும்மா நின்றிருக்கிறார்.

நாங்கள் எழுதிய கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் இந்த ஈமெயிலுக்கே பதில் போடுங்கோ, எந்த நாடு என்று மட்டும் சொல்லுங்கோ. ஆங்கிலத்தில் இருக்கு, ஜெர்மன், பிரெஞ்சில் மாற்றித் தரக்கூடியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கோ.